வீட்டு சர்வர் வாங்கும் முன் பரணைப் பாருங்கள்



போன வாரம் ஒரு பதிவில் போகிற போக்கில் ராஸ்பெர்ரி பை பற்றி இரண்டு வரி எழுதினேன். அதற்கு உள்பெட்டியில் வந்த கேள்விகளைப் பார்த்தால் கால் பரீட்சை விடைத்தாள் கட்டு போல இருக்கிறது. "சார், பை 4 வாங்கலாமா, பை 5 வாங்கலாமா?", "8 ஜிபி போதுமா, 16 ஜிபி வேணுமா?", "ஆரஞ்ச் பை விலை கம்மியா இருக்கே, எப்படி?" எல்லாரும் எதை வாங்குவது என்றுதான் கேட்கிறார்கள். எதற்கு வாங்குவது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதனால் தனித்தனியாகப் பதில் போடாமல் இங்கேயே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், காபியோடு உட்காருங்கள்.

சர்வர் என்றதும் பயப்பட வேண்டாம். ஓட்டலில் நாம் கூப்பிடுகிற அதே சர்வர்தான். கேட்டதைக் கொண்டுவந்து வைப்பவர். ஒரு வித்தியாசம், இவர் 24 மணி நேரமும் தூங்காமல் நிற்க வேண்டும். உங்கள் போன் கேட்டால் போட்டோவை எடுத்துக் கொடுப்பார், டிவி கேட்டால் படத்தை எடுத்துக் கொடுப்பார். நின்றுகொண்டே இருக்க வேண்டியவர் என்பதால் சாப்பாடு, அதாவது கரண்ட், குறைவாகச் சாப்பிடுபவராக இருக்க வேண்டும். விஷயம் அவ்வளவுதான்.

சரி, எதற்கு? என்னோடு பல வருடம் வேலை பார்த்த ஆசிரியை ஒருவர் காலமானார். ஆண்டு விழா, விளையாட்டு விழா, சுற்றுலா, மாறுதலாகிப் போனவர்களுக்கு வைத்த வழியனுப்பு விழா எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்திருந்தது அவர் ஒருவர்தான். பழைய பிலிம் போட்டோக்களைக்கூட ஸ்கேன் செய்து போனில் ஏற்றியிருந்தார். அந்த போனின் பேட்டர்ன் பூட்டு வீட்டில் யாருக்கும் தெரியாது. மெயில் பாஸ்வேர்டும் தெரியாது. நாலாம் வகுப்பில் என் முன்னால் உட்கார்ந்து பல்பம் தின்ற பிள்ளைகளின் முகங்கள் அதற்குள் இருக்கின்றன. இன்று அவர்களில் சிலர் பேரன் எடுத்துவிட்டார்கள். படம் இருக்கிறது, ஆனால் இல்லை.

"கிளவுடில் இருக்குமே சார்" என்பீர்கள். இருக்கும். கூகுள் போட்டோஸில் கணக்கில்லாமல் இலவசமாக ஏற்றிய காலம் 2021 ஜூன் 1ஆம் தேதியோடு முடிந்தது. இப்போது மெயில், டிரைவ், போட்டோ எல்லாம் சேர்த்து 15 ஜிபிதான் இலவசம். மேலே போனால் சந்தா. அதைக்கூடத் தப்பென்று சொல்ல மாட்டேன், இடம் கொடுப்பவன் வாடகை கேட்கத்தான் செய்வான். பலருக்குத் தெரியாதது இன்னொன்று. இரண்டு வருடம் தொடப்படாத தனிநபர் கணக்கை அழிக்கலாம் என்று கூகுள் விதி வைத்திருக்கிறது. 2023 டிசம்பரில் இருந்து அது நடைமுறையில் உள்ளது. உயிரோடு இருப்பவர் மறந்தால் எச்சரிக்கை மெயில் வரும். இறந்தவருக்கு வரும் மெயிலை யார் பார்ப்பது?

என் கருத்து இதுதான்: வீட்டுக்கு ஒரு சின்ன சர்வர் வேண்டும், ஆனால் எல்லாவற்றுக்கும் வேண்டாம். மார்க்‌ஷீட்டுக்கு வேண்டாம், டிஜிலாக்கர் இருக்கிறது. பட்டா, சிட்டாவுக்கு வேண்டாம், அரசு இணையதளத்தில் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். சினிமாப் படங்களைச் சேர்த்து வைக்கவா? அது உங்கள் இஷ்டம். தொலைந்தால் மறுபடி கிடைக்கிற பொருளுக்குக் காவல்காரன் தேவையில்லை. மறுபடி கிடைக்காத பொருள் என்ன என்று ஒரு தாளில் எழுதுங்கள். அப்பாவின் குரல் பதிவு, தாத்தா பென்சிலில் எழுதிய கரும்புக் கணக்கு நோட்டு, கல்யாண வீடியோ, பிள்ளையின் முதல் கிறுக்கல். என் வீட்டுப் பட்டியல் மொத்தம் 180 ஜிபிக்குள் அடங்கிவிட்டது. உங்கள் வீட்டிலும் ஏறக்குறைய அப்படித்தான் வரும். பட்டியல் எழுதாமல் கடைக்குப் போகிறவன் வாங்காததையெல்லாம் வாங்கி வருவான்.

இப்போது ஒரு கணக்கு. கணக்கு வாத்தியார் இல்லாமல் பதிவா? நமக்குக் கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. 60 நாள், நாளுக்கு 24 மணி நேரம், ஆக 1440 மணி நேரம். பழைய மேசைக் கணினி சும்மா ஓடினாலே 60 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 86.4 யூனிட். அரசு தருகிற 100 யூனிட் இலவசத்தைக் கிட்டத்தட்ட அது ஒன்றே விழுங்கிவிடும். பழைய லேப்டாப், மூடி மூடியபடி, 15 வாட் என்றால் 21.6 யூனிட். ராஸ்பெர்ரி பை 4, கூடவே ஒரு எஸ்எஸ்டி, 5 வாட் என்றால் 7.2 யூனிட். 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும் என்பது ஏசி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். அந்தக் கோட்டின் ஓரத்தில் நிற்கிற வீட்டில் 86 யூனிட் என்பது சின்ன விஷயம் இல்லை. மேசைக் கணினியை சர்வராக்குகிற யோசனையை இங்கேயே அழித்துவிடுங்கள்.

மிச்சம் இருப்பது லேப்டாப்பும் பையும். இங்கேதான் தலைப்புக்கு வருகிறேன்.

2011 செப்டம்பரில் தொடங்கிய அரசு இலவச மடிக்கணினித் திட்டத்தில் நம் ஊர்ப் பக்கம் எத்தனை வீட்டுக்கு லேப்டாப் வந்தது! பிள்ளை பிளஸ் டூ முடித்தது, கல்லூரி முடித்தது, வேலைக்குப் போய்ப் புதுசு வாங்கியது. பழையது பரணில், பித்தளை அண்டாவுக்குப் பக்கத்தில் தூங்குகிறது. அதில் பாதி நன்றாகவே ஓடும். விண்டோஸ் போட்டால் மூச்சு வாங்கும், லினக்ஸ் போட்டால் நடக்கும். (அந்த லேப்டாப்புகளில் பாஸ் லினக்ஸ் என்று ஒன்று இருந்ததே, எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தீர்கள்? கை தூக்குங்கள் பார்க்கலாம்.) திரை இருக்கிறது, கீபோர்டு இருக்கிறது, பேட்டரி நன்றாக இருந்தால் யுபிஎஸ்ஸும் உள்ளேயே இருக்கிறது. 5000, 10000 செலவழித்து பை வாங்குவதற்கு முன் இதை இறக்கிப் பார்க்காமல் இருப்பது எனக்குப் புரியவில்லை.

இறக்கினால் பார்க்க வேண்டியவை. முதலில் பேட்டரி. அடிப்பக்கம் உப்பியிருந்தாலோ, மூடி சரியாக உட்காராவிட்டாலோ அதைக் கழற்றிவிட வேண்டும், மறுபேச்சு இல்லை. உப்பிய பேட்டரியை இரவும் பகலும் சார்ஜில் போட்டு வைப்பது வீட்டுக்குள் வெடி வைப்பது. அடுத்தது ஹார்ட் டிஸ்க். பத்து வருடம் சுற்றிய டிஸ்க்கை நம்பாதீர்கள். அதே இடத்தில் அப்படியே பொருந்துகிற 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி கிடைக்கும், ஸ்க்ரூ டிரைவர் போதும். மூன்றாவது, பிராசசர் 64 பிட் தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் 32 பிட் கணினிக்கான நிறுவல் இல்லை.

ஆனால் பேட்டரி செத்துக் கழற்றிய லேப்டாப்பில் ஒரு சிக்கல் வரும். கரண்ட் போய் வந்தால் பெரும்பாலான லேப்டாப் தானாக எழுந்திருக்காது, யாராவது பட்டனை அழுத்த வேண்டும். பை அப்படியில்லை, கரண்ட் வந்த நொடியே தானாக எழுந்து நிற்கும். நம் ஊரில் ஆடிக் காற்றுக்கும் ஐப்பசி மழைக்கும் எத்தனை தடவை கரண்ட் போகிறது என்று எண்ணிப் பாருங்கள். பேட்டரி நன்றாக இருந்தால் லேப்டாப், இல்லாவிட்டால் பை. எனக்கு முடிவு இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது, ஜிபி கணக்கில் இல்லை.

பை வாங்குவது என்று முடிவு செய்தவர்களுக்குக் கொஞ்சம் வரலாறு. 2012 பிப்ரவரி 29இல் இது விற்பனைக்கு வந்தது. ஆரம்ப விலையை 25, 35 டாலர் என்று வைத்தார்கள். கேம்பிரிட்ஜில் கணினி அறிவியல் படிக்க விண்ணப்பிக்கிற பிள்ளைகள் குறைந்துகொண்டே வருகிறார்களே, வருகிறவர்களுக்கும் கணினியைக் கழற்றி மாட்டிய அனுபவம் இல்லையே என்ற கவலையில் எபன் அப்டனும் நண்பர்களும் தொடங்கியது. அதாவது இது பிள்ளைகள் கெடுத்துப் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்று செய்த பொருள். கணினியைத் துணி போட்டு மூடி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகச் சொன்ன கணினி அறைகளைப் பார்த்த எனக்கு இந்தச் சிந்தனை பிடித்தது. சர்வருக்கு இதைப் பயன்படுத்தலாம் என்று பிற்பாடு கண்டுகொண்டவர்கள் நம்மைப் போன்றவர்கள்தான்.

எந்த மாடல்? பை 3ம் அதற்கு முந்தியவையும் வேண்டாம். அவற்றில் நெட்வொர்க் கேபிளும் யுஎஸ்பியும் ஒரே சந்தில் நெருக்கியடித்துப் போகும், பழைய யுஎஸ்பி 2 வேகம்தான். 2019இல் வந்த பை 4இல்தான் முழு கிகாபிட் நெட்வொர்க்கும் யுஎஸ்பி 3ம் வந்தன. பட்டியலில் உள்ள படங்களைக் காப்பாற்ற பை 4, 2 ஜிபி போதும். கையில் பணம் இருந்தால் 4 ஜிபி. 2023இல் வந்த பை 5 வேகம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்கு 5 வோல்ட் 5 ஆம்பியர் தருகிற தனி அடாப்டர் வேண்டும். சாதாரண 3 ஆம்பியர் அடாப்டரில் அது ஓடும், ஆனால் யுஎஸ்பி பக்கம் 600 மில்லி ஆம்பியருக்கு மேல் கொடுக்காமல் கையைச் சுருக்கிக்கொள்ளும். அங்கே டிஸ்க் மாட்டினால் தகராறுதான். சூடும் அதிகம், விசிறி வேண்டும். போட்டோ எடுத்துக் கொடுக்கிற வேலைக்கு இத்தனை ஆர்ப்பாட்டம் எதற்கு? மேலும் 2025 கடைசியில் இருந்து நினைவகச் சில்லு விலை ஏறி, அதிக ஜிபி உள்ள மாடல்களின் விலையும் ஏறியிருக்கிறது. தேவையில்லாத ஜிபிக்குக் காசு கொடுக்க இது நேரமே இல்லை.

முகத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் இம்மிச் போன்ற மென்பொருள் வேண்டும், டிவியில் வீடியோவை மாற்றி மாற்றிக் கொடுக்கும் வேலையும் வேண்டும் என்பவர்கள் பையை விட்டுவிட்டு, இன்டெல் என்100 சில்லு வைத்த மினி பிசி பக்கம் போங்கள். கரண்ட் சற்று கூட ஆகும், ஆனால் மூச்சு வாங்காது. ஆரஞ்ச் பை, பனானா பை எல்லாம் பலகையாகப் பார்த்தால் நல்லவைதான். ஆனால் சந்தேகம் வரும்போது பக்கத்து வீட்டுக்காரனுக்கும் தெரிந்த பலகை நல்லது. பைக்கு வராத சந்தேகம் இல்லை, எழுதப்படாத விடையும் இல்லை.

மிச்சப்படுத்திய காசை எங்கே போடுவது? அடாப்டரிலும் டிஸ்க்கிலும். பை கெட்டுப்போச்சு என்று என்னிடம் கொண்டுவந்தவர்களில் பலருக்குக் கெட்டது பை இல்லை. பழைய போன் சார்ஜரும் மெல்லிய கேபிளும்தான் காரணம். திரையில் மஞ்சள் மின்னல் குறி வந்தால் வோல்ட் பற்றவில்லை என்று அர்த்தம். பை 4க்கு 5.1 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டர் என்று கேட்டு வாங்குங்கள். மெமரி கார்டில் இயக்குதளம் மட்டும் வைத்துப் படங்களையும் அதிலேயே கொட்டாதீர்கள். எழுதி எழுதி அழிக்க அது செய்யப்படவில்லை. கரண்ட் போகிற வீட்டில் ஒருநாள் சொல்லாமல் கண்ணை மூடும். யுஎஸ்பி 3இல் மாட்டுகிற எஸ்எஸ்டி வாங்குங்கள். சுற்றுகிற ஹார்ட் டிஸ்க் என்றால் பை 4இன் நான்கு யுஎஸ்பி துளைகளுக்கும் சேர்த்து 1.2 ஆம்பியர்தான் என்பதை நினைவில் வைத்து, தனி கரண்ட் உள்ள ஹப் வழியாக மாட்டுங்கள்.

வைக்கும் இடம் ரவுட்டருக்குப் பக்கம். சிமென்ட் ஷீட்டுக்குக் கீழே பரணில் வைத்தால் சித்திரை மாதத்தில் அது வேகம் குறைந்து நொண்டும், 80 டிகிரியைத் தொட்டதும் தன்னைத்தானே அடக்கிக்கொள்ளும். காற்று போகிற டப்பாவுக்குள் வையுங்கள், ஆனால் ஓட்டை பெரிதாக வேண்டாம். கதகதப்பு தேடிப் பல்லி உள்ளே போகும். சிரிக்காதீர்கள், எறும்பும் போகும்.

நிறுவுவது நீங்கள் நினைப்பதைவிட எளிது. ராஸ்பெர்ரி பை இமேஜர் என்ற மென்பொருளை வேறு கணினியில் போட்டு, லைட் பதிப்பைத் தேர்ந்தெடுத்து, அதிலேயே கணினிப் பெயர், பயனர் பெயர், பாஸ்வேர்டு, எஸ்எஸ்ஹெச் வசதி எல்லாம் கொடுத்துவிட்டு கார்டில் எழுத வேண்டியதுதான். பழைய வீடியோக்களில் பயனர் பெயர் பை, பாஸ்வேர்டு ராஸ்பெர்ரி என்று சொல்வார்கள். 2022 ஏப்ரலில் இருந்து அந்தப் பொதுச் சாவி இல்லை, நல்லதே. அப்புறம் கோப்புப் பகிர்வுக்கு சாம்பா. போனில் எடுக்கிற படம் தானாக வந்து சேர சின்க்திங். இதில் ஒரு எச்சரிக்கை. ஒத்திசைவு வேறு, காப்பு நகல் வேறு. போனில் பேரன் விளையாடி ஒரு ஆல்பத்தை அழித்தால், சின்க்திங் விசுவாசமாக சர்வரிலும் அழித்துவிடும். சர்வர் பக்கத்தில் கோப்புப் பதிப்பு வசதியை இயக்கி வையுங்கள். அழிந்தது ஒரு தனி அறையில் போய் உட்காரும்.

வெளியூரில் இருந்து பார்க்க வேண்டும் என்று கேட்கிறார்கள், குறிப்பாக சிங்கப்பூர், துபாய் போன பிள்ளைகள். ரவுட்டரில் துளை போட்டு சர்வரை உலகத்துக்குத் திறந்துவிடாதீர்கள். உலகம் முழுக்கத் திறந்த கதவைத் தேடிக்கொண்டு தானியங்கி நிரல்கள் அலைகின்றன. நம்மூர் இணைய இணைப்பு பலவற்றில் துளை போட்டாலும் வேலை செய்யாது. பல வீட்டுக்கு ஒரே பொது முகவரியைப் பங்கு போட்டுத்தான் கொடுக்கிறார்கள். டெய்ல்ஸ்கேல் போன்ற ஒன்றை சர்வரிலும் பிள்ளையின் போனிலும் போட்டால், இரண்டுக்கும் நடுவில் தனி வாய்க்கால் வெட்டியது போல் ஆகிவிடும். வீட்டு அளவுக்கு இலவசம்.

இனி, இதைச் செய்யாவிட்டால் மேலே சொன்னதெல்லாம் வீண் என்று நான் நினைக்கிற ஒன்று. நாம் தென்பெண்ணைக் கரைக்காரர்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு சாத்தனூர் அணையில் இருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஆற்றோரம் எத்தனை ஊர்களில் பீரோவுக்குள் இருந்த ஆல்பம் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிப்போனது! வெள்ளத்துக்குப் பத்திரம் எது, சர்வர் எது என்று தெரியாது. வீட்டிலேயே இரண்டு டிஸ்க் வைத்துக்கொண்டு இரண்டு நகல் இருக்கிறது என்று சொல்வது, ஒரே சட்டையின் இரண்டு பையில் பணம் வைத்த கதை. மாதம் ஒருமுறை ஒரு வெளி டிஸ்க்கில் நகல் எடுத்து வேறு ஊரில் வையுங்கள். எங்கள் டிஸ்க் திருவண்ணாமலையில் மகள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. கிருத்திகைக்கும் பௌர்ணமிக்கும் போகும்போது மாற்றிக்கொண்டு வருகிறேன், கிரிவலத்தோடு கிரிவலமாக வேலையும் முடிகிறது. கிளவுடில் இருப்பதையும் உடனே அழித்துவிட வேண்டாம். அதுவும் ஒரு நகலாக இருக்கட்டும்.

மலை ஏறிப் பாடம் நடத்துகிற இளம் ஆசிரியர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளிமலையைத் தாண்டிச் சில ஊர்களில் இன்றும் சிக்னலுக்காகப் பாறை மேல் ஏறி நிற்கிறார்கள். அங்கேதான் இந்தச் சின்னப் பலகைக்கு உண்மையான வேலை இருக்கிறது. கிவிக்ஸ் என்ற மென்பொருளைப் போட்டால் தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் இணையமே இல்லாமல் அந்தப் பெட்டியில் வைக்கலாம், பை தானே வைஃபை கொடுக்கும், பிள்ளைகள் டேப்பில் படிக்கலாம். கோலிப்ரி என்று பாடங்களை அதே மாதிரி வைத்து நடத்த இன்னொன்று இருக்கிறது. ஒரு வகுப்பே ஒரே நேரத்தில் ஏறினால் பையின் வைஃபை திணறும், அதற்கு ஒரு பழைய ரவுட்டரைப் பக்கத்தில் மாட்டினால் போதும். 5 வாட் என்பதால் சின்ன சூரியத் தகடும் பேட்டரியும் தாங்கும். ஸ்மார்ட் வகுப்பறை என்று பெரிய திரையை மாட்டிவிட்டு இணைப்பு வரும் வரை காத்திருப்பதைவிட, இந்தச் சீட்டுக்கட்டு அளவுப் பெட்டி மலைப்பள்ளிக்கு உடனே பயன்படும் என்பது என் திடமான எண்ணம். மறுப்பவர்கள் மறுக்கலாம், காரணத்தோடு.

லினக்ஸ் என்றால் கை நடுங்குகிறவர்களுக்கு: நம் பழைய மாவட்டத் தலைநகர் விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழு ஒன்று பல வருடங்களாக இயங்குகிறது. கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கட்டற்ற மென்பொருள் சொல்லித் தருகிறார்கள். தமிழில் படிக்க கணியம் தளம் இருக்கிறது.

சர்வர் ஓட ஆரம்பித்ததும், அதன் பெயர், முகவரி, பாஸ்வேர்டு, நிறுத்துவது எப்படி, டிஸ்க் எங்கே இருக்கிறது, இவ்வளவையும் ஒரு 40 பக்க நோட்டில் கையால் எழுதி, ரேஷன் கார்டு வைக்கிற இடத்தில் வையுங்கள். எங்கள் வீட்டில் எழுதியது நான் இல்லை. நான் சொல்லச் சொல்ல என் மனைவி எழுதினார், பிறகு நோட்டைப் பார்த்து அவரே ஒருமுறை நிறுத்தி, கழற்றி, மாட்டி, ஓட்டினார். இரண்டு இடத்தில் "இது புரியலை, மறுபடி சொல்லுங்க" என்றார். அந்த இரண்டு வரியும் இப்போது சிவப்பு மையில் இருக்கின்றன.

பரணில் இருந்து லேப்டாப்பை இறக்குகிறவர்கள் அடிப்பக்க ஸ்டிக்கரைப் படம் எடுத்துக் கீழே போடுங்கள். எஸ்எஸ்டி பொருந்துமா, 64 பிட்டா என்று பார்த்துச் சொல்கிறேன். பேட்டரியின் படமும் பக்கவாட்டில் இருந்து ஒன்று வேண்டும். பாஸ்வேர்டு எழுதிய தாள் தெரியாமல் எடுங்கள்.